குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் யாராவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்துவிடுவார்: "டீச்சர், எங்க வீட்டுல பெரிய நாய் வாங்கப் போறோம். அல்சேஷன் நல்லதா, லேப்ரடார் நல்லதா?" விசாரித்தால் முழுக் கதையும் வெளியே வரும். அப்பாவுக்கு ரோட்வைலர் மேல் ஆசை. அண்ணன் கைப்பேசியில் ஹஸ்கி காணொளிகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குத் திருடன் வராமல் இருந்தால் போதும். தங்கைக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு நாய் வேண்டும். நான்கு பேரும் நான்கு வேலைகளை ஒரே நாயிடம் எதிர்பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாய் வளர்ப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை. லயத்து வாசலில் படுத்திருக்கும், பால்மரம் வெட்டப் போகிறவர் பின்னால் ஓடும், காட்டுப்பன்றி வந்தால் குரைக்கும், மீந்த சோற்றைத் தின்னும். அது என்ன இனம் என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு ஓட நூறு ஏக்கர் இருந்தது. இன்று சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ தாமான் வரிசை வீட்டில் இருக்கிறோம். வீட்டின் அகலம் இருபது அடி. முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் ஒரு சந்து. அந்த இடத்திற்குள் 35 கிலோ எடையுள்ள, நாளெல்லாம் ஓடுவதற்காகவே உருவாக்கப்பட்ட ஒரு விலங்கைக் கொண்டுவரப் போகிறோம்.

இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது எல்லாம் அழகுதான். பதினான்கு மாதத்தில் அது வாசல் கேட்டைத் தாண்டும், துணிக் கொடியை இழுத்துப் போடும், பாட்டியைத் தள்ளிவிடும். பிறகு சங்கிலி. சில வீடுகளில் சங்கிலிக்கும் பிறகு, ஒரு நாள் மாலை காரில் ஏற்றிச் சென்று செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிடுவது. கழுத்துப் பட்டையோடு சாலையோரம் திரியும் பெரிய நாய்களைப் பாடாங் செராய், பீடோங் பக்கம் வண்டி ஓட்டும் எவரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஒரு காலத்தில் பணம் கொடுத்து வாங்கப்பட்ட குட்டிகள்.

ஆகவே எந்த இனம் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, இனம் என்பது நமக்கு எவ்வளவு சொல்லும் என்பதை முதலில் பார்ப்போம்.

இனத்தின் பெயர் சொல்வதும் சொல்லாததும்

2022-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் நாயின் குணத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். அவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையிலான குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. சொன்னதைக் கேட்டு நடக்கும் தன்மையில் இனத்தின் பங்கு சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. எளிதில் சீறுமா என்பதிலோ இனம் கிட்டத்தட்ட எதையுமே சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் சிலர் "அப்படியானால் எந்த நாயும் ஒன்றுதான்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. உடல் அளவு, ரோமத்தின் தடிமன், மார்பின் ஆழம், எவ்வளவு தூரம் களைக்காமல் ஓடும் என்பவற்றை இனத்தின் பெயர் நன்றாகவே சொல்லும். குணத்தைக் கணிக்கத்தான் அது போதாது. "லேப்ரடார் என்றால் சாது" என்று நம்பிக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிடுபவரும், "ரோட்வைலர் என்றால் வெறி" என்று பயப்படுபவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

இனத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நாயை மனிதன் எதற்காக உருவாக்கினான் என்பதே. ஜெர்மன் ஷெப்பர்டை, அதாவது நம் வழக்கில் அல்சேஷனை, 1899-இல் ஒரு தனி இனமாகப் பதிவுசெய்தவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி. நாள் முழுக்க ஆட்டு மந்தையின் ஓரமாக ஓடி, மந்தை பயிருக்குள் போகாமல் தடுப்பதே அதன் வேலை. லேப்ரடாரின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி வலையையும் மீனையும் இழுத்தவை. சைபீரியன் ஹஸ்கி, சுக்சி மக்களின் பனிச்சறுக்கு வண்டியை இழுத்த நாய். காவல்துறையின் கே9 பிரிவில் நீங்கள் பார்க்கும் பெல்ஜியன் மாலினோவா, அல்சேஷனுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அதைவிட வேகமும் துடிப்பும் கூடியது. மாலினோவாவை வீட்டு நாயாக வளர்க்க நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனின் கென்னல் கிளப், அல்சேஷன், லேப்ரடார், ஹஸ்கி மூன்றுக்குமே நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி தேவை என்று குறிப்பிடுகிறது. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் அப்பா, பள்ளி முடிந்து டியூஷன் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த 2 மணி நேரத்தை யார் தருவார்? நாய் வாங்கும் முன் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் கணக்கு இதுதான். காலை 6.30-க்கு யார் நடத்திச் செல்வது, மாலை 6.30-க்கு யார் என்று பெயர் எழுதிப் பாருங்கள். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று பொருள்.

நம்மில் சிலருக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று தமிழ்நாட்டு நாய்களின் மேல் தனிப் பற்று உண்டு. இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. பெருமைதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். பக்கத்து வீட்டுப் பூனையும் சேவலும் அவற்றுக்கு முயல்தான். ராஜபாளையத்தின் தூய வெள்ளை ரோமத்துக்குப் பின்னால் ஒரு மரபியல் விலை இருக்கிறது. ரோமத்துக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்குப் போய்ச் சேராவிட்டால் குட்டி செவிடாகப் பிறக்கலாம். இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அறிந்த செய்தி. வெள்ளை நாயைப் பார்க்கப் போனால் அதன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள்.

வெயிலும் நாக்கும்

நம் மாநிலத்தில் இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து, பகல் வெப்பநிலை 35 பாகையை எட்டுவது சாதாரணம். நாட்டிலேயே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, பக்கத்து மாநிலமான பெர்லிசின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பதிவான 40.1 பாகை.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் தவிர வியர்வை இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் ஆவியாவது மெதுவாகும். துவைத்த துணி மழைக்காலத்தில் காயாததும் இதே காரணத்தால்தான்.

பெரிய நாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6, கொள்ளளவு 1, விகிதம் 6. பக்கத்தை 2 சென்டிமீட்டர் ஆக்கினால் மேற்பரப்பு 24, கொள்ளளவு 8. விகிதம் 3 ஆகக் குறைந்துவிடுகிறது. உடல் பெரிதாகப் பெரிதாக, உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற ஒப்பீட்டளவில் குறைந்த தோலே இருக்கிறது. இதற்கு மேல் ஹஸ்கியைப் போல இரட்டை அடுக்கு ரோமமும் சேர்ந்தால் அந்த நாய் ஏர்கோன் அறையிலேயே வாழ வேண்டியிருக்கும். ஹஸ்கி வாங்க விரும்பும் அண்ணன்களிடம் நான் கேட்பது, மாத மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதுதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 பாகை வரை. 41-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு. விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி இவை அடையாளங்கள். அப்போது நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அதன் பிறகு கிளினிக்குக்கு ஓடுங்கள். முதலில் குளிர்விப்பது, அடுத்துக் கொண்டுசெல்வது என்ற வரிசை முக்கியம்.

வளர்ப்பாளரிடம் என்ன கேட்பது

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். குணத்தில் இனத்தின் பங்கு சிறியது என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? இந்த நாயின் சொந்தப் பெற்றோரிடமிருந்தும், அது பிறந்த முதல் சில வாரங்களிலிருந்தும், பிறகு உங்களிடமிருந்தும். முதல் இரண்டும் வளர்ப்பாளரின் கையில் இருக்கின்றன. எந்த இனம் என்று ஆறு மாதம் யோசிக்கிறவர்கள், யாரிடம் வாங்குவது என்பதை ஒரே மாலையில் கைப்பேசியில் முடித்துவிடுவதுதான் எனக்கு விளங்காத ஒன்று.

தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். குட்டிகள் பால் குடித்து வளரும் இடத்திலேயே பார்க்க வேண்டும். "தாய் வேறு இடத்தில் இருக்கிறது", "பெட்ரோல் நிலையத்தில் சந்திப்போம், குட்டியைக் கொண்டுவருகிறேன்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு முன் முன்பணம் அனுப்பாதீர்கள். நமக்கு மேலே புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை இருக்கிறது. தாய்லாந்திலிருந்து நாய்க்குட்டிகள் கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் செய்திகளை அவ்வப்போது படிக்கிறோம். அப்படி வரும் குட்டிக்குத் தாயும் தெரியாது, தடுப்பூசியும் தெரியாது.

தாயைப் பார்த்தால் என்ன தெரியும்? அந்நியரான உங்களை அது எப்படி எதிர்கொள்கிறது என்பது. முதலில் குரைக்கலாம், அது அதன் உரிமை. உரிமையாளர் பேசிய பிறகு அமைதியாகி வந்து முகர்ந்து பார்க்கிறதா, அல்லது மூலையில் நடுங்கிக்கொண்டோ பல்லைக் காட்டிக்கொண்டோ இருக்கிறதா? அச்சம் கொண்ட தாயின் குட்டிகள் இரண்டு வழியில் அந்த அச்சத்தைப் பெறுகின்றன. ஒன்று மரபணு வழி, மற்றொன்று பார்த்துப் பழகும் வழி.

அடுத்து இடுப்பு மூட்டு. பெரிய இனங்களில் தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து வளரும் குறை பரவலாக உண்டு. அல்சேஷன், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ரோட்வைலர் எல்லாவற்றிலும் வருகிறது. நாள்பட மூட்டு தேய்ந்து, படுத்த நாய் எழ முடியாமல் தவிக்கும். இது ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. துள்ளி ஓடும் தகப்பன் நாய்க்கும் மோசமான மூட்டு இருக்கலாம். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடுவதே வழி. அனைத்துலக நாய்ச் சங்கமான எஃப்.சி.ஐ. முறையில் 'ஏ' என்றால் குறையில்லை, 'ஈ' என்றால் கடுமையான குறை. அமெரிக்க முறையில் 24 மாதம் நிறைந்த பிறகே இறுதிச் சான்றிதழ் தருகிறார்கள். ஒன்றரை வயதுத் தாய்க்குக் குட்டி போட்டிருக்கிறது என்றால், அந்த அளவுகோலின்படி அந்தத் தாயின் இடுப்பு இன்னும் இறுதியாகச் சான்று பெறவில்லை என்று ஆகிறது.

படிவம் 4 அறிவியலில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்தது நினைவிருக்கிறதா? 'ரெசெசிஃப்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஒடுங்கு மரபணு இங்கே நேராகப் பயன்படுகிறது. அல்சேஷனில் தண்டுவடம் மெல்ல அழிந்து பின்கால்கள் செயலிழக்கும் நோய் ஒன்று உண்டு. அதோடு தொடர்புள்ள எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் பிறழ்வு 2009-இல் கண்டறியப்பட்டது. பிறழ்ந்த பிரதி ஒன்று மட்டும் உள்ள நாய் பெரும்பாலும் நலமாக இருந்து, அதைக் குட்டிகளுக்குக் கடத்தும். இரண்டு பிரதி உள்ள நாய்க்கு நோய் வரும் அபாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஒரு பிரதியைச் சுமக்கும் தாயும் தகப்பனும் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டியும் இரண்டு பிரதி பெற நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரில் ஒன்று பிறழ்வே இல்லாததாக இருந்தால் எந்தக் குட்டிக்கும் இரண்டு பிரதி வராது. நோய் பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், மூன்று வயதில் குட்டி போடும் நாயைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கன்னத்தின் உட்புறம் ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். லேப்ரடாரிலும் இதே வழியில் கடத்தப்படும் கண்நோயும், ஓடும்போது கால்கள் சரிந்துவிடும் ஒரு குறையும் உண்டு. இரண்டுக்கும் சோதனை இருக்கிறது. டோபர்மேனுக்கு இதயத் தசை நோயைப் பற்றிக் கேளுங்கள்.

"எம்.கே.ஏ. பேப்பர் இருக்கு" என்பது விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். மலேசிய நாய்வளர்ப்புச் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் மதிப்புள்ளது. ஆனால் அது சொல்வது இந்த நாயின் அப்பா யார், பாட்டன் யார் என்பதை. அவர்கள் நலமாக இருந்தார்களா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பிறப்புச் சான்றிதழை வைத்து ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறதா என்று சொல்ல முடியாததைப் போல. அந்தத் தாளில் இன்னொன்றைப் பாருங்கள். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? அண்ணன் தங்கை நாய்களைச் சேர்த்தால் குட்டியின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு, ஒரே தகப்பனின் வேறு தாய்ப் பிள்ளைகளைச் சேர்த்தால் 12.5 விழுக்காடு. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு 227 நாய் இனங்களின் மரபணுவைப் பார்த்தது. சராசரி உட்கலப்பே 25 விழுக்காட்டை ஒட்டி இருந்தது! முன்பின் தெரியாத இரண்டு தூய இன நாய்களைச் சேர்த்தாலும், மரபணு அளவில் அது உடன்பிறப்புகளைச் சேர்த்ததற்கு நிகராக இருக்கிறது. இதன் மேல் தெரிந்தே உறவில் சேர்த்தால் ஒடுங்கியிருக்கும் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதல் பதினான்கு வாரம்

அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஆண்டுக்கணக்கில் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் எழுதினார்கள். நம் நாட்டு ஓராங் அஸ்லி மக்களிடமிருந்து பெற்ற தெலோமியன் நாய்கள் 1960-களில் போய்ச் சேர்ந்ததும் இந்த ஸ்காட்டிடம்தான். தெலோம் ஆற்றின் பெயரால் அவை அப்படி அழைக்கப்படுகின்றன. அந்த ஆய்வகத்தின் ஒரு சோதனையை 1961-இல் வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட வெளியில் குட்டிகள் தாயோடு வளர்ந்தன. சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் எடுத்துவந்து மனிதர்கள் கொஞ்சி விளையாடினார்கள். 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் இருந்த குட்டிகள், அதன் பிறகு என்ன செய்தும் மனிதரைக் கண்டால் காட்டு விலங்கைப்போல் அஞ்சின.

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை நாயின் மூளையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அப்போது சந்தித்தவை எல்லாம் உலகத்தின் இயல்பான பகுதியாகப் பதிகின்றன: குழந்தையின் அழுகை, மோட்டார் சைக்கிள், தலைக்கவசம் போட்ட மனிதர், குடை, தீபாவளி வெடி. அந்தக் காலத்தின் முதல் பாதியைக் குட்டி வளர்ப்பாளரின் இடத்தில்தான் கழிக்கிறது. வீட்டு ஆட்களோடும் ஓசைகளோடும் வளர்ந்ததா, அல்லது செம்பனைக் காட்டுக்குள் இரும்புக் கூண்டில் வளர்ந்ததா என்று பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். முப்பது நாற்பது நாளில் பிரிக்கப்பட்ட குட்டிகளை, அறுபது நாளில் பிரிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்ட ஓர் இத்தாலிய ஆய்வில், முன்னவற்றிடம் அச்சமும் அதீதக் குரைப்பும் பொருட்களைக் கடித்துக் கிழிப்பதும் அதிகமாக இருந்தன. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுத்தருகின்றன.

குட்டியை மல்லாக்கப் போட்டுத் திமிறுகிறதா பார்ப்பது, சாவிக்கொத்தைப் போட்டு அஞ்சுகிறதா பார்ப்பது போன்ற வழக்கங்கள் நம் ஊரில் உண்டு. அவற்றைப் பெரிதாக நம்ப வேண்டாம். இவ்வகைச் சோதனைகள் பெரிய நாயின் குணத்தைச் சரியாகக் கணிப்பதில்லை என்று 2014-இல் பார்டர் கோலி குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. தாயைப் பார்த்துவிட்டு, கண் காது மூக்கு சுத்தமாக உள்ள ஒரு குட்டியை எடுத்தால் போதும்.

இங்கே ஒரு முரண்பாடு வரும். தடுப்பூசித் தொடர் 16 வாரம் வரை நீளும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆனால் கதவு 14 வாரத்தில் மூடிவிடும். இரண்டையும் சமாளிக்கத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுங்கள். பசார் மாலாம் ஓரமாக நில்லுங்கள், பள்ளி வாசலில் நில்லுங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள். பத்து வார அல்சேஷன் குட்டி கனக்கும். பிள்ளைகளின் கைக்கு நல்ல உடற்பயிற்சி.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரிய இனக் குட்டிக்கு அதிகமாகப் போடுவதே பாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 48 லேப்ரடார்களை வைத்து வாழ்நாள் முழுவதும் நடத்திய ஓர் ஆய்வில், ஒரே ஈற்றுக் குட்டிகளை இணைகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாகத் தீவனம் தந்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 13 ஆண்டும், நிறையத் தின்றவை 11.2 ஆண்டும் வாழ்ந்தன. இடுப்பு மூட்டுக் குறையும் ஒல்லியான நாய்களில் குறைவு. இந்த ஆய்வைச் செய்தது பியூரினா என்ற நாய்த் தீவன நிறுவனம் என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நாயின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் தெரிய வேண்டும், அதுவே அளவு. லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம் பசியடங்கும் செய்தியைக் கெடுக்கும் ஒரு மரபணுக் குறை இருப்பதைக் கண்டார்கள். உங்கள் நாய் எப்போதும் பட்டினி கிடந்ததுபோல் பார்த்தால், அது நடிக்கவில்லை. இருந்தாலும் போடாதீர்கள்.

மாடி வீடாக இருந்தால் படிக்கட்டுக்கு ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் குறை கூடுதலாகவும், மெத்தென்ற தரையில் தன்னிச்சையாக ஓடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்ததாக ஒரு நார்வே ஆய்வு கூறுகிறது. வழுக்கும் ஓட்டுத் தரையில் பழைய பாயையாவது விரித்து வையுங்கள்.

தோட்டப்புறத்தில் நடத்திச் சென்று திரும்பினால் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். உண்ணி பரப்பும் இரத்தக் கிருமியால் நம் பகுதி நாய்கள் காய்ச்சலில் விழுகின்றன. கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும் மாத மருந்து உண்டு. இவற்றின் செலவு, பெரிய நாய்க்கு எடைக்கேற்பக் கூடும். குட்டியின் விலையைவிட இதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

பக்கத்து வீட்டாரையும் கணக்கில் எடுங்கள். நம் தாமான்களில் மலாய்க் குடும்பங்கள் அருகிலேயே இருக்கின்றன. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கும். மூக்கு நுழையாத அளவுக்கு வேலிக்கு நெருக்கமான கம்பி, நடைக்குப் போகும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, நள்ளிரவில் குரைக்காத அளவுக்குப் பகலில் ஓட்டம் ஆகியவை இருந்தால் பெரும்பாலான சச்சரவுகள் எழுவதே இல்லை.

சட்டம் பற்றி: பிட்புல், அக்கிட்டா, டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ, நியோபொலிட்டன் மாஸ்டிஃப், அமெரிக்கன் புல்டாக் ஆகியவற்றை நாட்டுக்குள் இறக்குமதி செய்யக் கால்நடைச் சேவைத் துறை தடை விதித்திருக்கிறது. ரோட்வைலர், டோபர்மேன், அல்சேஷன், புல்மாஸ்டிஃப் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. வாங்கும் முன் உங்கள் நகராண்மைக் கழகத்தில் உரிம விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள 2015 விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துபவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

இத்தனையும் படித்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று தோன்றினால் இன்னொரு வழி இருக்கிறது. காப்பகத்திலிருந்தோ தெரிந்தவர் வீட்டிலிருந்தோ வளர்ந்த கம்பத்து நாயை எடுப்பது. ஒல்லியான உடல், குட்டை ரோமம். நம் வெயிலில் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது. ஒன்றரை வயதுக்கு மேல் எடுத்தால் அதன் அளவும் குணமும் ஏற்கெனவே கண்முன் தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளோடு இரண்டு மூன்று மாலைகள் பழகவிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். திருடனைப் பார்த்துக் குரைக்க 35 கிலோ எடை தேவையில்லை.

எந்த நாயாக இருந்தாலும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டு ஒரு பாதுகாப்பு வளையத்தை 1950-களிலேயே ஏற்படுத்தினார்கள். கெடாவும் அதில் ஒன்று. அப்படியும் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. நோய்க் குறி தெரிந்த பிறகு மனிதருக்கும் நாய்க்கும் இதிலிருந்து மீட்சி கிடையாது என்றே சொல்லலாம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிக்குப் பொதுவாக மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதன் பிறகு ஆண்டுதோறும் ஒன்று. போட்ட தேதியும் மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளும் மருத்துவரின் கையொப்பமும் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.